ஒரு மீட்டரும் ஏழு அடுப்பும்

சமூக சேவைக்குக் கிளம்புகிறவர்களை நான் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிட மாட்டேன். நானே ஒரு காலத்தில் கிளம்பியவன் என்பதுதான் காரணம். வாய் ஏழை எளியவர், நீதி, நியாயம் என்று பேசிக்கொண்டிருக்கும். உள்ளே ஏதாவது ஒரு சொந்தச் சோலி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். சிலருக்கு எலெக்‌ஷனில் நிற்கிற ஆசை, சிலருக்குப் போஸ்டரில் முகம் வருகிற ஆசை. எனக்குக் கருவாட்டுக் குழம்பு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்களில் நடந்தது இது. நான் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். (அதாவது பத்து மணிக்கு எழுந்து, வேலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.) அப்பா மூலனூரில் முருங்கைத் தோட்டத்தோடு தங்கிவிட்டார். அருள்புரத்தில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த லைன் வீடு அம்மாவின் ராஜ்ஜியம். நீளமாக ஒரே கூரை, அதன் கீழே எட்டு வாசல், ஒவ்வொரு வாசலுக்குள்ளும் ஓர் அறையும் மூலையில் ஒரு சமையல் மேடையும். எட்டிலும் குடியிருந்தவர்கள் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள். அவர்களிடம் மாசாமாசம் வாடகை வசூலிப்பது மட்டுமே என் உத்தியோகம்.

முதல் வீட்டில் ஜெபமணி அக்கா இருந்தார். ஓவர்லாக் மிஷினில் பல வருஷம் தைத்து முதுகு பிடித்துக்கொண்டதால் கம்பெனியை விட்டுவிட்டு, எட்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தார். ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிற புருஷன் பெண்டாட்டியில் யாருக்கு அடுப்பு மூட்டத் தெம்பு இருக்கும்? அரிசிக்கும் காய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் எல்லோரும் பங்கு கொடுத்துவிடுவார்கள். அக்காவின் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றுதான் எட்டு வீட்டுக்கும் எரியும். மற்ற ஏழு மேடைகளும் வேறு தொழில் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றின் மேல் டிரங்குப் பெட்டி, ஒன்றின் மேல் டேப் ரெக்கார்டர், இன்னொன்றின் மேல் பனியன் வேஸ்ட் மூட்டை, அந்த மூட்டையின் மேல் நிரந்தரமாக ஒரு பூனை.

வாடகை வாங்கப் போன ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அக்கா பிடித்து உட்கார வைத்தார். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி உண்டு, கோழி உண்டு. கருவாடு மட்டும் வாசலுக்கு அந்தப் பக்கம். அம்மாவுக்கு அந்த வாசமே ஆகாது. அக்கா வைத்திருந்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. தேங்காய் அரைத்துவிட்டு, மாங்காய் வெட்டிப் போட்டிருந்தார். முதல் வாய் உள்ளே போனதும், இத்தனை வருஷம் என்னை ஏமாற்றி வளர்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அன்றிலிருந்து மாசத்துக்கு ஒருமுறை வசூலிக்க வேண்டிய வாடகையை நான் தவணை முறையில், மத்தியான வேளையாகப் பார்த்து வசூலிக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சோற்றில் மண் விழுந்தது கரண்ட் பில் வடிவத்தில்.

எட்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். குறைவாக எரிக்கிற வீட்டுக்கு அரசாங்கம் யூனிட் விலையில் சலுகை தரும். எரிக்க எரிக்க விலை ஏறிக்கொண்டே போகும். ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன், ஒரு டிவி என்று இருக்கிற வீடு அந்தச் சலுகைக்குள்ளேயே நின்றுகொள்ளும். ஆனால் எட்டு வீடும் ஒரே மீட்டரில் ஓடினால், எட்டு ஏழைகள் எரிக்கிறார்கள் என்று மீட்டருக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒரு பணக்காரன் எரிக்கிறான் என்று நினைத்து உச்ச விலையைப் போட்டுவிடும். அதை எட்டாகப் பிரித்து அம்மா வாங்குவார். அம்மா ஒரு பைசாகூட அதிகம் வைத்து வாங்கியதில்லை. ஆனாலும் பில் வருகிற வாரம் லைன் வீட்டில் யாரும் யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார்கள். யார் வீட்டு ஃபேன் பகலில் ஓடியது என்று பஞ்சாயத்து நடக்கும்.

அப்படி ஒரு வாரத்தில்தான் ஜெபமணி அக்கா சொன்னார்.

"அடுத்த பில்லும் இப்படியே வந்துச்சுன்னா நாங்க ஊருக்கே போயிருதோம் தம்பி. அங்க கடலாவது சும்மா காத்து குடுக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய வீட்டுக்காரர் ஊரில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார் என்பதும் பேச்சோடு பேச்சாக வந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் நன்றாக ஒட்டியிருந்தார்கள். அக்காவுக்குப் போக மனசில்லை என்பது குழம்பு ஊற்றுகிற கையிலேயே தெரிந்தது. எனக்கு அன்று இரண்டாவது தடவை சோறு வாங்கத் தோன்றவில்லை. அதிலிருந்தே நிலைமையின் தீவிரத்தை நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

மறுநாளே கரண்ட் ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: எட்டு வீட்டுக்கும் எட்டு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சலுகை கிடைக்கும், ஆனால் தனி வாசல், தனிச் சமையலறை என்று இருக்க வேண்டும், இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பார். நான் தலையாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே நின்று இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பது பெரிய பாடாகிவிட்டது. அம்மா கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"ஏங்கண்ணு, ஆளுக்கொரு மீட்டர் வாங்கிக் குடுத்துப்போட்டு, நாளைக்கு ஊடே எங்களுதுன்னு சொன்னா என்ன பண்றது?"

அக்கா காலி செய்தால் சோற்றுக்கு வழியில்லாமல் மற்ற ஏழு குடும்பமும் கிளம்பிவிடும், எட்டு வாசலிலும் பூட்டுத்தான் தொங்கும் என்று நான் எடுத்துச் சொன்னேன். அம்மா அரை நாள் யோசித்தார். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டு என்னைத் திட்டிவிட்டு, மனுவில் கையெழுத்துப் போட்டார்.

இனிமேல்தான் என் மூளை வேலை செய்கிறது. தனிச் சமையலறை என்றால் என்ன? சமையல் நடக்க வேண்டும். சமையல் நடக்க வேண்டும் என்றால்? அடுப்பு எரிய வேண்டும். இன்ஜினியர் வருகிறபோது எட்டு வீட்டிலும் எட்டு அடுப்பு எரிந்தால்தான் இது எட்டுக் குடும்பம் என்று நம்புவார். (பி.காமில் லாஜிக் என்று ஒரு பாடம் இல்லை என்பதை இந்த இடத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.)

அடுப்புக்கு எங்கே போவது? இவர்களுடைய ரேஷன் கார்டெல்லாம் ஊரில் இருந்தது. ஒரு ஸ்டவ்வுக்கு வேண்டிய மண்ணெண்ணெயையே அக்கா அலைந்து திரிந்து வாங்கிக்கொண்டிருந்தார். கேஸ் இணைப்பு கனவிலும் கிடையாது. அப்போதுதான் என் நண்பன் செந்தில் கைகொடுத்தான். அவன் அப்பா வைத்திருந்த எலெக்ட்ரிகல் கடையில் கரண்ட் அடுப்புகள் விற்காமல் அடுக்கிக் கிடந்தன. சுருள் கம்பி பழுக்கச் சிவக்குமே, அந்த ரகம். ஒரு நாளைக்குக் கொண்டுபோய், துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடு என்றான். ஏழு அடுப்பையும் இரண்டு நடையாக என் வண்டியில் ஏற்றி வந்தேன். கரண்ட் பில்லைக் குறைப்பதற்குக் கரண்ட் அடுப்பு கொண்டுவருகிறோமே என்று எனக்கோ, செந்திலுக்கோ, அதை இறக்கி வைத்த யாருக்கோ ஒரு நிமிஷம்கூட உறைக்கவில்லை. 

இன்ஜினியர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஒத்திகை. மேடைகளிலிருந்து டிரங்குப் பெட்டியும் டேப் ரெக்கார்டரும் இறங்கின. பூனையை இறக்க மட்டும் இரண்டு ஆள் தேவைப்பட்டது. நான்காவது அடுப்பைப் போட்டதும் பட்டென்று மீட்டர் பெட்டியில் பீஸ் போய்விட்டது. செந்திலுக்குப் போன் போட்டேன். கம்பி சன்னமாக இருக்கும், மொத்தமாகப் போடு என்றான். நான் நல்ல செம்புக் கம்பியாக நான்கு இழை எடுத்து, ஜடை பின்னுகிற மாதிரி முறுக்கி, பீஸ் கட்டையில் வைத்துத் திருகினேன். இனி வானமே இடிந்து விழுந்தாலும் இது போகாது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னது அப்படியே நடந்தது.

மறுநாள் காலை ஏழு வீட்டிலும் வீட்டுக்கு ஒருவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு நின்றார்கள், என் பேச்சை நம்பி. நினைத்தால் இப்போதும் கொஞ்சம் உறுத்தும். அக்கா விடிகாலையிலேயே தன்னுடைய ஸ்டவ்வில் ஒரு பெரிய சட்டி நிறையக் கருவாட்டுக் குழம்பு வைத்து, ஏழு பாத்திரத்தில் ஊற்றி அனுப்பிவிட்டார். அவரவர் அதைச் சூடு பண்ணிக்கொண்டு நின்றால் போதும். யார் கேட்டாலும் 'நாங்க தனியாத்தான் பொங்குதோம்' என்று சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். தெருமுனையில் இன்ஜினியரைப் பார்த்ததும் நான் வண்டி ஹாரனை மூன்று முறை அடிப்பேன். அடித்ததும் ஏழு அடுப்பையும் போட வேண்டும்.

இன்ஜினியர் ஸ்கூட்டரில் வந்தார். அமைதியான மனிதர், எங்கள் பக்கத்துக்காரர். நான் அடித்த ஹாரனைக் கேட்டு, வழி கேட்கிறேன் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி நின்றார். வாசலிலேயே அம்மா மோர் கொடுத்தார்.

முதல் வீட்டைப் பார்த்தார். ஸ்டவ் எரிந்தது, குழம்பு கொதித்தது. தலையாட்டினார். இரண்டாவது வீடு. சுருள் சிவந்திருந்தது, குழம்பு கொதித்தது. தலையாட்டினார். மூன்றாவது வீட்டில் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். இங்கேயும் அதே குழம்புங்களா என்று கேட்டார். ஒரே ஊர்க்காரர்கள், கைப்பக்குவம் அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தேன். நான்காவது வீட்டில் இன்ஜினியர் பெயரைத்தான் கேட்டார். அங்கே நின்றவர், "நாங்க தனியாத்தான் பொங்குதோம் சார்" என்று அட்டென்ஷனில் நின்று சொன்னார்.

ஐந்தாவது வீட்டு வாசலில் இன்ஜினியர் நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். ஒருமுறை மேலே பார்த்தார், ஒருமுறை பின்னால் பார்த்தார். கருவாட்டு வாசம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பழகினால் சரியாகிவிடும் சார் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

"இது கருவாடு இல்லீங்க தம்பி. ஒயரு தீயற வாசம்."

அவர் சொல்லி முடிக்கவில்லை. மீட்டர் பெட்டிக்கு மேலே புகை கிளம்பியது. கூரையை ஒட்டிப் போன ஒயர் முழுக்கப் பொசுங்கி, கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற கம்பி வரைக்கும் போய், அங்கே ஒரு பொறி தெறித்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் டமார் என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்தத் தெருவில் நிட்டிங் மிஷின்களின் இரைச்சல் நின்று நான் கேட்டதே இல்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பூனை மட்டும் நிதானமாக வந்து, காலியாகக் கிடந்த தன் மேடையில் ஏறிப் படுத்துக்கொண்டது.

பின்பக்கத்து நிட்டிங் கம்பெனி என் தாய்மாமனுடையது. ஓடுகிற மிஷின் சட்டென்று நின்றால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டோடு ஒரு துண்டுத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமா வந்தார். கரண்ட் ஏன் போச்சு என்று யாரைக் கேட்பது என்று தேடினார். கரண்ட் ஆபீஸ் இன்ஜினியரே எதிரில் நிற்பதைப் பார்த்து, இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்களே என்று கைகூப்பி நன்றி சொன்னார்.

இன்ஜினியர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். லைன்மேனை வரவழைத்தார். மீட்டர் பெட்டிக்குப் போய், கருகிக் கிடந்த எல்லாவற்றுக்கும் நடுவில் புத்தம் புதுசாக மின்னிக்கொண்டிருந்த என் பீஸ் கட்டையைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"எல்லாம் எரிஞ்சும் இது மட்டும் எரியலீங்களே தம்பி. எரியறதுதானுங்க இதோட வேலையே."

ஏழு வீட்டு ஆட்களும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் என்மேல் கோபப்படவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஜெபமணி அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இனி என்ன மறைத்து என்ன என்று நினைத்தாரோ என்னவோ, அவரே வாயைத் திறந்தார்.

"எட்டு வீட்டுக்கும் நான்தான் சார் பொங்குதேன். தனித்தனியாப் பொங்கினாத்தான் சலுகை உண்டுன்னு தம்பி சொன்னாவ. அவங்க மேல தப்பில்ல. எங்களுக்காகத்தான் செஞ்சாவ."

இன்ஜினியர் எட்டு வாசலையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அடுப்பு எரியோணும்னு யாருங்க சொன்னது? வாசல் தனியா இருக்குது, மேடை தனியா இருக்குது. எனக்கு அது போதுமுங்க. யாரு ஊட்ல யாரு சாப்பிட்டா எனக்கென்னங்க?"

அந்த எட்டு மேடையும் வீடு கட்டின நாளிலிருந்து அங்கேதான் இருந்தன. பூனையைக்கூட நான் எழுப்பியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் அன்று அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒயரெல்லாம் புதிதாக இழுத்து, மறுபடி மனு கொடுத்தால் வந்து பார்க்கிறேன் என்றார். அதற்குள் அடுத்த பில் வந்துவிடும். எல்லோருக்கும் அது தெரிந்தது. அப்போது அம்மா மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, ஜெபமணி அக்காவிடம் போய் நின்றார்.

"புது மீட்டரு வர்ற வரைக்கும் பில்லு எம் பையன் பொறுப்பு. நீ அடுப்ப மட்டும் அணைச்சுப்போடாத கண்ணு."

வேலைவெட்டி இல்லாத பையன் எப்படிப் பொறுப்பேற்பான் என்று அக்கா கேட்கவில்லை. மாமா கேட்டார். கேட்டுவிட்டு, அவரே பதிலும் சொன்னார்: நாளைக் காலையில் ஷிப்டுக்கு வந்துவிடு. ஜன்னல் வழியாக நான் தேடிக்கொண்டிருந்த வேலை, பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறது. இன்றைக்கும் அதே நிட்டிங் கம்பெனியில்தான் இருக்கிறேன். முதல் சம்பளத்தோடு மாமா எனக்கு இரண்டு பனியன் தைத்துக் கொடுத்தார். நடுநெஞ்சில் குறுக்கே கோடு விழுந்த துணி. அவற்றை நூல் நூலாகக் கிழிகிற வரைக்கும் போட்டேன்.

அன்று மத்தியானம் இன்ஜினியரைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார். ஏழு பாத்திரக் குழம்பும் சூடாகத்தான் இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். எங்கள் வீட்டிலும் கரண்ட் இல்லாததால் மிக்ஸி ஓடாமல், சமையல் ஆகாமல், அம்மாவும் வேறு வழியின்றி வந்து ஓரமாக உட்கார்ந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாய்க்கு மூக்கை விட்டுவிட்டார். மூன்றாவது தடவை குழம்பு கேட்டபோது என்னைப் பார்த்த பார்வையில், இதற்குத்தானா இத்தனை கூத்து என்பது முழுதாகப் புரிந்துவிட்டது தெரிந்தது.

சில மாசம் கழித்து எட்டு மீட்டரும் வந்தன. சுவரில் வரிசையாக அவற்றை மாட்டியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். முதல் பில்லில் ஏழு வீடு சலுகைக்குள் வந்தது. அக்கா வீடு மட்டும் வெளியே நின்றது. எட்டு வீட்டுக்கும் மாவாட்டுகிற கிரைண்டர் அவர் மீட்டரில் அல்லவா ஓடுகிறது! நான் மறுபடியும் ஏதோ யோசிக்க ஆரம்பித்ததும் அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். லைன் வீட்டுக்காரர்களே வழி கண்டுபிடித்தார்கள். அந்த வாரத்திலிருந்து கிரைண்டர் ஊர்வலம் போனது. இன்று இரண்டாவது வீடு, அடுத்த தடவை மூன்றாவது வீடு என்று இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் வைப்பார்கள். அக்கா பின்னாலேயே உளுந்தோடு போவார். நான் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்த சலுகையை அவர்கள் மறுபடி ஒன்றாகச் சேர்த்துச் சாப்பிட்டார்கள். அந்த வாசல்களில் மாவு வாசத்தோடு கிரைண்டர் நகர்ந்த சாயங்காலங்களை நினைத்தால், இப்போதும் மனசு அங்கே போய் நின்றுகொள்கிறது.

லைன் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் பனியன்களைச் சரிபார்க்கிற செக்கிங் யூனிட் வந்துவிட்டது. ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில் என் பெயர் ஏழடுப்புதான். கல்யாணப் பத்திரிகையில் போடாமல் விட்டது ஒன்றுதான் அவர்கள் காட்டிய கருணை.

ஜெபமணி அக்கா ஊருக்குப் போகவே இல்லை. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன பிறகு, அவிநாசிப் பக்கம் சின்னதாகச் சொந்த வீடு கட்டினார். பால் காய்ச்சுகிற அன்று பழைய லைன் வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு முன் வரிசையில் நாற்காலி. ஜெபம் முடிந்ததும், அடுப்பைத் தம்பிதான் பற்றவைக்க வேண்டும் என்று அக்கா என்னை முன்னால் கூப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. லைட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினால், அக்காவின் வீட்டுக்காரர் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி தயாராக நிற்கிறார்.

"பயப்படாமப் பத்த வைங்க தம்பி. அங்க ஆள நிறுத்தியிருக்கேன்" என்றார் அக்கா.

அது கேஸ் அடுப்பு. கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லைட்டரை அழுத்தினேன், அடுப்பு பற்றிக்கொண்டது. அங்கே இருந்த ஒருவர்கூடப் பாலைப் பார்க்கவில்லை. அம்மா உட்பட அத்தனை பேரும் தலையை நிமிர்த்தி டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.